அம்மாவால் தரையிலிருந்து எழ முடியவில்லை – தசையைத் தாக்கும் ஆட்டோ இம்யூன் நோய்கள் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கயல்_மொழி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 54 வயது. நாலு மாதமாக உடம்பு முடியவில்லை. முதலில் தொடையிலும் தோளிலும் உளைச்சல் என்றார். வயசானால் இருக்கும்தானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். அப்புறம் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்து இழுத்து ஏற ஆரம்பித்தார். போன வாரம் கீழே விழுந்த சீப்பை எடுக்கத் தரையில் உட்கார்ந்தவர் எழ முடியாமல் என்னைக் கூப்பிட்டார். தூக்கிவிடும்போதுதான் எனக்கு உறைத்தது. முகத்தில் வலியே இல்லை. கால்தான் அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி 210, எஸ்ஜிபிடி 165 என்று வந்ததால் கல்லீரல் கோளாறு என்று சொல்லி இரண்டு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். வயிற்று ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மஞ்சள் காமாலையும் இல்லை. நேற்று வேறொரு மருத்துவர், "இது தசையைத் தாக்கும் ஆட்டோ இம்யூன் நோயாக இருக்கலாம்" என்று சொல்லி சிபிகே என்று ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. யாருக்காவது இந்த அனுபவம் உண்டா?

பழைய_நாணல்

கயல், முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். கல்லீரல் கல்லீரல் என்று அலைந்த கதை எனக்கும் உண்டு. ஐந்து மாதம் அலைந்தேன். பதினொரு வருஷமாக இந்த நோயோடு இருக்கிறேன், இன்றும் வேலைக்குப் போய் வருகிறேன். அதை முதலில் மனதில் வையுங்கள்.

எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும் கல்லீரலுக்கு மட்டும் சொந்தமில்லை, தசையிலும் இருக்கின்றன. தசை நார்கள் சிதைந்தால் அவை ரத்தத்தில் கசியும். லேப் ரிப்போர்ட்டில் அந்த இரண்டும் 'கல்லீரல் பரிசோதனை' என்ற தலைப்பின் கீழ் வருவதால் பார்க்கிறவர் கண் கல்லீரலிலேயே நின்றுவிடுகிறது. சிபிகே என்பது தசையில் நிறைந்திருக்கும் நொதி. ஜிஜிடி பெரும்பாலும் கல்லீரல், பித்தக் குழாய் பக்கத்து ஆள், தசையிலிருந்து வராது. சிபிகே ஏறி, ஜிஜிடி சாதாரணமாக இருந்தால் கசிவு தசையிலிருந்துதான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். எனக்கு சிபிகே 8,000-ஐத் தாண்டியிருந்தது. சாதாரண ஆளுக்குச் சுமார் 200-க்குள் இருக்கும்.

இன்னொன்று. உங்கள் பதிவிலேயே இருக்கிறது. "உடம்பு முடியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் ஐந்து மாதம் அதையேதான் சொன்னேன். நம் பேச்சில் வலித்தாலும் முடியவில்லை, அசதியானாலும் முடியவில்லை, காய்ச்சலானாலும் முடியவில்லை. கேட்கிற மருத்துவர் வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் எழுதிவிடுவார். வலி என்றால் செய்ய முடியும், செய்தால் நோகும். அசதி என்றால் செய்ய முடியும், செய்ய மனசு வராது, இல்லை சீக்கிரம் களைத்துவிடும். பலவீனம் என்றால் செய்யவே வராது. மனசு எழு என்கிறது, தொடை எழவில்லை. உங்கள் அம்மாவுக்கு இருப்பது இந்த மூன்றாவது. மருத்துவரிடம் "முடியவில்லை" என்று சொல்லாதீர்கள். "மூன்று மாதம் முன்பு கைப்பிடி இல்லாமல் மாடி ஏறினார், இப்போது ஏறவில்லை, தரையிலிருந்து எழவில்லை" என்று செயலையும் காலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆறாவது மாதம் நான் அப்படிச் சொன்ன அன்றுதான் எனக்கு சிபிகே எழுதினார்கள்.

தலை வாரும்போது கையை மேலே பிடிக்க முடிகிறதா? விழுங்கும்போது தொண்டையில் சிக்குகிறதா? இந்த இரண்டையும் கேட்டுச் சொல்லுங்கள்.

வேப்ப_நிழல்

சகோதரி, கவலைப்படாதீர்கள். எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் இதெல்லாம் வருகிறது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடிகள் இருக்கின்றன, கொடுத்துப் பாருங்கள். பக்க விளைவு இல்லை.

பழைய_நாணல்

வேப்ப நிழல் அண்ணா, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் இங்கே விஷயம் நேர் எதிர். எதிர்ப்பு சக்தி குறைந்து வந்த நோய் இல்லை இது, ஆள் மாறித் தாக்குவதால் வந்தது. கிருமியை அடிக்க வேண்டிய அணுக்கள் சொந்தத் தசையை அந்நியன் என்று நினைத்து அடிக்கின்றன. சிகிச்சை முழுக்க அந்த வேகத்தை அடக்குவதுதான். அதைத் தூண்டிவிடுவதாகச் சொல்லும் பொருளைக் கொடுப்பது அடிக்கிறவன் கையில் கம்பைக் கொடுப்பது போல. தோலோடு சேர்ந்து வரும் வகையில் சில மூலிகைச் சத்துப் பொருட்களால் நோய் கிளம்பியதாக மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். என்ன பொடி சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்கக்கூடாது.

தோள்_கொடு

நான் இயன்முறை மருத்துவர். கயல், வீட்டில் நீங்களே பார்க்கக்கூடிய ஒன்று சொல்கிறேன். கை வைக்காத, சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் அம்மாவை உட்கார வையுங்கள். இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டச் சொல்லுங்கள். எழுந்து எழுந்து உட்காரச் சொல்லி 30 விநாடியில் எத்தனை முறை என்று எண்ணுங்கள். விழாமல் பக்கத்தில் நில்லுங்கள். எண்ணிக்கையை விட எப்படி எழுகிறார் என்பதைக் கவனியுங்கள். தசை பலவீனம் உள்ளவர் முதலில் நாற்காலியின் விளிம்புக்கு நகர்வார், உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி வேகம் சேர்ப்பார், கட்டிய கை தானாகப் பிரிந்து தொடையில் ஊன்றும். அந்த ஊன்றல்தான் அடையாளம். தேதி போட்டு எழுதி வையுங்கள். சிகிச்சை வேலை செய்கிறதா என்று பின்னால் பார்க்க ரத்த அறிக்கையை விட சில சமயம் இதுதான் உதவும்.

இந்த நோய்களில் பலவீனம் பெரும்பாலும் உடம்பின் நடுவுக்குப் பக்கத்தில் இருக்கும். இடுப்பு, தொடை, தோள், மேற்கை, கழுத்து. இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். விரலால் பொத்தான் போடுவார், கையெழுத்து போடுவார், ஆனால் அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு துணியை எடுக்க முடியாது. விதிவிலக்கு ஒன்று உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் மெதுவாக வரும் ஒரு வகை. தொடையின் முன்பக்கமும் விரல் மடக்கும் தசைகளும் மெலியும், ஒரு பக்கம் அதிகமாக இருக்கும், ஸ்டீராய்டுக்குப் பெரும்பாலும் மசியாது. அதை மற்றதோடு குழப்பி வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தி_வானம்

எனக்கு 71 வயது. என் அனுபவம் வேறு, இந்த இழையைப் படிக்கிற பெரியவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு நாள் காலை படுக்கையில் புரள முடியவில்லை. இரண்டு தோளும் இடுப்பும் இறுகிப்போய்க் கட்டிவைத்தது போல. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகும். மறுநாள் அதே கதை. சட்டைக்குள் கை விடுவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். ஆனால் சிபிகே சாதாரணம். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈஎஸ்ஆர் 80-க்கு மேல், அதே வேலையைச் செய்யும் சிஆர்பியும் ஏறியிருந்தது. பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்றார்கள். நாணல் சொன்ன பிரிவின்படி எனக்கு இருந்தது வலியும் இறுக்கமும், உண்மையான பலவீனம் இல்லை. பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 15 மில்லிகிராம் ஆரம்பித்த மூன்றாம் நாள் காலையில் நானாகவே எழுந்து உட்கார்ந்தேன். மனைவி அழுதுவிட்டார். குறைத்துக் குறைத்து நிறுத்த ஒன்றரை வருஷம் ஆனது.

இந்த நோய் உள்ளவர்களுக்கு நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, தலை வாரினால் தோல் நோவு, பார்வை மங்கல் இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலை ரத்தக் குழாய்களில் அழற்சி சேர்ந்திருந்தால் கண் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

இமைப்_பொழுது

வலியே இல்லாமல் பலவீனம் மட்டும் இருந்தால் மயஸ்தீனியா என்ற ஆட்டோ இம்யூன் நோயையும் நினையுங்கள். எனக்கு அதுதான். காலையில் நன்றாக இருப்பேன், சாயங்காலம் இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், பேசப் பேசக் குரல் மூக்கில் போகும். ஓய்வெடுத்தால் திரும்ப வரும். இங்கே அடி விழுவது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில், அதனால் சிபிகே ஏறாது. 1934-ல் மேரி வாக்கர் என்ற மருத்துவர் பைசோஸ்டிக்மைன் ஊசி போட்டு ஒரு நோயாளியின் இமை தூக்குவதைக் காட்டினார். இன்று நான் சாப்பிடும் பைரிடோஸ்டிக்மைன் அதே வழியில் வந்த மருந்துதான். சில ஆன்டிபயாடிக்குகள் இந்த நோயைத் திடீரென்று மோசமாக்கும், எந்த மருத்துவரிடம் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கயல்_மொழி

எல்லோருக்கும் நன்றி. ரிசல்ட் வந்துவிட்டது. சிபிகே 5,860. ஜிஜிடி 28, சாதாரணம்தான் என்றார்கள். இதைப் படித்தபோது கை நடுங்கியது, ஆனால் ஒரு பக்கம் நிம்மதியும் வந்தது.

நாற்காலிச் சோதனை செய்தோம். 30 விநாடியில் இரண்டு முறை. தோள்_கொடு சொன்னது போலவே, மூன்றாவது முறை கை பிரிந்து தொடையில் ஊன்றியது. தலை வாரும்போது தலையைக் குனிந்து சீப்புக்குக் கீழே கொண்டுவருகிறார், இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை. விழுங்குவதில் சில சமயம் புரையேறுகிறதாம். கேட்டதால் சொன்னார்.

இன்னொன்றும் கேட்கணும். அம்மாவின் விரல் முட்டிகளில் மேல்பக்கம் கருத்துத் தடித்த திட்டுகள் இருக்கின்றன. முட்டிக்கும் முட்டிக்கும் நடுவில் இருக்கும் தோல் சாதாரணமாக இருக்கிறது. நகத்தின் அடியில் சிவப்பாக மெல்லிய கோடுகள். இமை கொஞ்சம் கருநீலமாகத் தெரிகிறது, தூக்கமில்லாததால் என்று நினைத்தோம். அலர்ஜி என்று களிம்பு தடவிக்கொண்டிருந்தார். சம்பந்தம் இருக்குமா?

துளிர்_இலை

சம்பந்தம் இருக்கிறது. நான் ருமட்டாலஜியில், அதாவது மூட்டு, தசை, ஆட்டோ இம்யூன் நோய்கள் பிரிவில், பயிற்சி மருத்துவர். இங்கே எழுதுவதை உங்கள் மருத்துவர் சொல்வதற்கு மேலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அந்த விரல் முட்டிகளை அவரிடம் கட்டாயம் காட்டுங்கள். நீங்கள் சொல்வது டெர்மட்டோமயோசைட்டிஸின், அதாவது தசையையும் தோலையும் சேர்த்துத் தாக்கும் நோயின், அடையாளமாக நாங்கள் தேடுவது. 1891-லேயே உன்வெரிக்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்தப் பெயரை வைத்துவிட்டார். பாடப் புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை, அதில் இமை ஊதாவாக, முட்டி சிவப்பாக இருக்கும். மாநிறத்திலும் கருப்புத் தோலிலும் அது கருமையாகத்தான் தெரியும். அதனால்தான் அலர்ஜி, தூக்கமின்மை, வெயில் என்று போய்விடுகிறது. அலர்ஜியில் தோல் இஷ்டத்துக்கு இடம் பிடிக்கும். இதில் முட்டியின் மேல் மட்டும் உட்காரும், நடுவில் உள்ள தோலை விட்டுவிடும். நீங்களே அதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள்.

இனி என்ன நடக்கும் என்று சொல்கிறேன். தொடைக்கு எம்ஆர்ஐ எடுத்தால் எந்தத் தசையில் வீக்கம் என்று தெரியும். ஈஎம்ஜி என்ற ஊசிப் பரிசோதனை கோளாறு நரம்பிலா தசையிலா என்று பிரிக்கும். தேவைப்பட்டால் தசையிலிருந்து சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். ரத்தத்தில் மயோசைட்டிஸ் (தசை அழற்சி) ஆன்டிபாடி தொகுப்பு பார்ப்பார்கள், சொந்த உடம்பையே குறிவைக்கும் எதிர்ப்புப் புரதங்கள் அவை. ஆட்டோ இம்யூன் நோய்களுக்குப் பொதுவாகப் பார்க்கும் ஏஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் வந்தாலும் இந்த நோய் இல்லை என்று ஆகாது. ஜோ-1 போன்ற சில ஆன்டிபாடிகள் ஏஎன்ஏவில் பிடிபடாமல் போகலாம்.

அந்த ஆன்டிபாடி பெயர்கள் முக்கியம், ஏனென்றால் எங்கே கண் வைக்க வேண்டும் என்று அவை சொல்லும். ஜோ-1 என்றால் நுரையீரல். எம்டிஏ5 என்றால் தசை அவ்வளவு கெடாமலே நுரையீரல் வேகமாகக் கெடலாம், அதனால் வறட்டு இருமல், மூச்சு வாங்கல் வந்தால் காத்திருக்கக்கூடாது. டிஐஎஃப்1 காமா என்றால், முக்கியமாகப் பெரியவர்களுக்கு, உள்ளே புற்றுநோய் இருக்கிறதா என்று தேட வேண்டும். பயமுறுத்தச் சொல்லவில்லை. பெரியவர்களில் டெர்மட்டோமயோசைட்டிஸ் என்றாலே நோய் தெரிந்த முதல் மூன்று வருஷம் அந்தத் தேடல் வழக்கம். தேடி ஒன்றும் இல்லாமல் வருகிறவர்களே அதிகம்.

புரையேறுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நாளைக்கே ஃபோன் செய்து சொல்லுங்கள். தொண்டைத் தசையும் தசைதான். நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்னக் கவளமாக, அவசரமில்லாமல் சாப்பிடட்டும்.

கல்_மலர்

கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டேட்டின் சாப்பிட்டால் வரும் உடம்பு வலி பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தினால் போய்விடும். என் அப்பாவுக்கு நிறுத்தி மூன்று மாதம் ஆகியும் பலவீனம் கூடிக்கொண்டே போனது, சிபிகே 9,000. எச்எம்ஜிசிஆர் என்ற ஆன்டிபாடி இருந்தது. மாத்திரை தொடங்கிவைத்ததை உடம்பு தானாகவே தொடர்ந்துகொண்டிருந்தது. ஐவிஐஜி என்று, ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் ஆன்டிபாடி மருந்தை ஏற்றிய பிறகுதான் எழுந்து நடந்தார். இனி எந்த ஸ்டேட்டினும் அவருக்குக் கொடுக்கக்கூடாது என்று அட்டையில் எழுதி அவர் பர்ஸில் வைத்திருக்கிறோம். இது அபூர்வமானது, அதனால் யாரும் பயந்துபோய் இதய மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பிறகும் பலவீனம் போகவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

கயல்_மொழி

டெர்மட்டோமயோசைட்டிஸ்தான். புரையேறுவதைச் சொன்னதும் அன்றைக்கே உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆன்டிபாடி மி-2 வந்திருக்கிறது. இது பொதுவாக மருந்துக்கு நன்றாகக் கேட்கும் வகை என்று மருத்துவர் சொன்னார். நுரையீரல் ஸ்கேன் சுத்தம். மற்ற தேடல்களும் நடக்கின்றன. பிரட்னிசலோன் 50 மில்லிகிராமும் வாரம் ஒருமுறை எதிர்ப்பு சக்தியின் வேகத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட்டும் ஆரம்பித்திருக்கிறார்கள். உறவுக்காரர்கள் எல்லோரும் ஸ்டீராய்டா, ஐயோ, எலும்பு உருகிவிடும், முகம் வீங்கிவிடும் என்கிறார்கள். அம்மா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பழைய_நாணல்

அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

அம்மா, நீங்கள் பயப்படுவது நியாயம். எனக்கும் முகம் நிலா மாதிரி ஆனது. கண்ணாடி பார்க்கப் பிடிக்காமல் இருந்த மாதங்கள் உண்டு. மருந்து குறையக் குறைய முகம் திரும்பி வந்துவிட்டது. விழுங்க முடியாமல் போயிருந்தால் அது திரும்பி வந்திருக்குமா என்று தெரியாது. கால்சியம், வைட்டமின் டி, எலும்பு ஸ்கேன், சர்க்கரை, ரத்த அழுத்தம், கண் இதெல்லாம் மருத்துவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான், ஒரு நாளும் திடீரென்று நிறுத்தக்கூடாது. வெளியிலிருந்து வருவதால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பதைக் குறைத்துவிட்டிருக்கும். சட்டென்று நிறுத்தினால் மயங்கி விழுவீர்கள், உயிருக்கே ஆபத்து.

கயல், உங்களுக்கு. மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரு நாள். தினமும் இல்லை. தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். நான் திங்கள்கிழமை என்று வைத்திருக்கிறேன். அந்த டப்பாவை மற்ற மருந்துகளோடு வைப்பதில்லை, தனி அலமாரியில், மூடியில் சிவப்பு மையால் 'திங்கள் மட்டும்' என்று எழுதியிருக்கிறேன். ஃபோலிக் ஆசிட் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ரத்தப் பரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள். காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

அப்புறம் பொறுமை. சிபிகே முதலில் இறங்கும், பலம் பின்னால்தான் வரும். எனக்கு சிபிகே ஆறு வாரத்தில் இறங்கியது, படி ஏற நாலு மாதம் ஆனது. நடுவில் இருக்கும் அந்த மாதங்கள்தான் கஷ்டம். ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, நீ ஏன் இன்னும் எழவில்லை என்று வீட்டில் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துளிர்_இலை

நாணல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சில மாதம் கழித்து சிபிகே சாதாரணமாக இருக்கும்போதே தொடை மறுபடியும் பலம் குறைந்தால் அது ஸ்டீராய்டினால் வரும் பலவீனமாகவும் இருக்கலாம். நோய் திரும்பினால் மருந்தைக் கூட்ட வேண்டும், ஸ்டீராய்டு பலவீனம் என்றால் குறைக்க வேண்டும். இரண்டும் வெளியில் பார்க்க ஒரே மாதிரி. அதனால் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வெயில் அம்மாவின் தோலுக்கு எதிரி. முழுக்கை, குடை, சன்ஸ்கிரீன். மருந்து எடுக்கும் காலத்தில் உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளைப் போடக்கூடாது, மற்ற தடுப்பூசிகளைக் கேட்டுப் போடலாம்.

ஊர்க்குருவி_9

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் தம்பிக்கு மூன்று நாளாகப் பாதத்தில் ஆரம்பித்து முட்டி வரை மரத்துப்போய் நடை தள்ளாடுகிறது. போன மாதம் வயிற்றுப்போக்கு இருந்தது. இதுவும் இந்த வகையா?

துளிர்_இலை

இப்போதே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். கீழிருந்து மேலே நாள்கணக்கில் ஏறும் பலவீனம், எதிர்ப்பு சக்தி நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோயாக இருக்கலாம். மூச்சுத் தசைக்கு ஏறினால் வென்டிலேட்டர் வேண்டியிருக்கும். இழையில் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஊர்க்குருவி_9

சேர்த்துவிட்டோம். அதேதான் என்கிறார்கள். ஐவிஐஜி ஆரம்பித்துவிட்டார்கள். மூச்சு நன்றாக இருக்கிறது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

தோள்_கொடு

கயல், ஓய்வு எவ்வளவு, பயிற்சி எவ்வளவு என்று தனிச் செய்தியில் கேட்டிருந்தீர்கள், எல்லோருக்கும் உதவட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். இந்த நோயாளிகள் அசையவே கூடாது, அசைந்தால் தசை இன்னும் சிதையும் என்றுதான் ஒரு காலத்தில் சொன்னார்கள். 1990-களிலிருந்து நடந்த ஆய்வுகள் அதை மாற்றிவிட்டன. அளவோடு, மேற்பார்வையோடு செய்யும் பயிற்சி பாதுகாப்பானது, பலத்தையும் கூட்டுகிறது. நோய் கொதிக்கும் முதல் வாரங்களில் மூட்டு இறுகாமல் அசைத்துவிடுவது, படுக்கையில் திருப்புவது போதும். மருந்து பிடித்த பிறகு நாற்காலியில் கீழே ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி, அங்கிருந்து எழச் சொல்லுங்கள். சுலபமானால் தலையணையை எடுத்துவிடுங்கள். மறுநாள் காலை வலியும் சோர்வும் தெளியவில்லை என்றால் முந்தின நாள் அதிகம் என்று அர்த்தம், குறைத்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறையில் கைப்பிடி போடுங்கள், படியில் இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கட்டும். இந்த நோயாளிகள் விழும்போது கையை ஊன்றித் தாங்க முடியாமல் நேராக முகத்தில் விழுகிறார்கள். அதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கயல்_மொழி

ஐந்து மாதம் கழித்து வருகிறேன். பாதியில் விட்டுவிட்டுப் போனதற்கு எல்லோரும் மன்னிக்க வேண்டும்.

சிபிகே இப்போது 190. பிரட்னிசலோன் 10-க்கு வந்துவிட்டது. புற்றுநோய்த் தேடலில் ஒன்றும் இல்லை, அடுத்த வருஷம் மறுபடியும் பார்ப்பார்கள். முகம் வீங்கியது, உறவுக்காரர்கள் சொன்னார்கள், அம்மா கண்டுகொள்ளவில்லை. மெத்தோட்ரெக்சேட் டப்பா தனி அலமாரியில் இருக்கிறது, நாங்கள் வியாழன் என்று வைத்திருக்கிறோம். முட்டிக் கருப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

நாற்காலிக் கணக்கு எழுதிய தாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. 2, 2, 1, 3, 4, 4, 6, 7. அந்த 1 வந்த வாரம் அம்மா யாரோடும் பேசவில்லை. நேற்று 9. கை பிரியவில்லை. பத்தாவதுக்கு முயன்று பாதியில் உட்கார்ந்துவிட்டார். பேனாவை என்னிடமிருந்து வாங்கி, 9-க்குப் பக்கத்தில் அரை என்று அவரே எழுதிக்கொண்டார்.